ஊழியரிடம் எழுதி வாங்கிய பாண்ட் நீதிமன்றத்தில் செல்லுமா?

உங்கள் கேள்வி இதுதான்: வேலைக்குச் சேர்த்தபோது, மூன்று வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று பாண்ட் எழுதி வாங்கினீர்கள். விலகினால் இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்றும் அதிலேயே கையெழுத்து. பயிற்சி முடித்த கையோடு அவர் போட்டியாளரிடமே போய்விட்டார். வழக்குப் போடலாமா?

முதலாளிகளுக்கும் ஆஜராகியிருக்கிறேன், ஊழியர்களுக்கும் ஆஜராகியிருக்கிறேன். பெரும்பாலான முதலாளிகள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்றே: பாண்ட் பணம் வேறு, போட்டித் தடை வேறு. ஒரே தாளில் இருந்தாலும் சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும்.

போட்டித் தடையை முதலில் முடித்துவிடுவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. தொழிலின் நற்பெயரை (குட்வில்) விற்பவருக்கு மட்டுமே விலக்கு. இங்கிலாந்தில் தடை நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். நம் பிரிவில் அந்த வாசலே கிடையாது. (இந்தப் பிரிவு நியூயார்க்குக்காக அமெரிக்க வழக்கறிஞர் டேவிட் டட்லி ஃபீல்ட் எழுதிய வரைவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவும் அதே 1872இல் அதே வரைவிலிருந்து எடுத்துக்கொண்டது. அங்கேயும் இன்றுவரை இத்தகைய தடை செல்லாது.) கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கு எதிராக பெர்செப்ட் டி'மார்க் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. ஆகவே "விலகிய பின் இரண்டு வருடம்" என்ற வரியை மறந்துவிடுங்கள்.

ஒப்பந்தக் காலத்துக்குள் என்றால் கதை வேறு. செஞ்சுரி ஸ்பின்னிங் வழக்கில் (1967) ஐந்து வருடத்துக்குக் கையெழுத்திட்டவர் இடையில் போட்டி ஆலைக்குப் போனார். டயர் நூல் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை ரகசியம் காக்கும் நிபந்தனையோடு வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தது நிறுவனம். மீதிக் காலத்துக்கு அவருக்குத் தடையாணை கிடைத்தது. உங்களிடம் அப்படிக் காக்கவேண்டிய ரகசியம் ஏதாவது இருக்கிறதா? வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல் எல்லாம் அந்தக் கணக்கில் வருவது கஷ்டம். அப்போதும் அவரை உங்களிடமே திரும்பி வந்து வேலை செய் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

இனி பணம். இங்கேதான் உங்களுக்கு உண்மையான வழி இருக்கிறது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் வந்த தீர்ப்பைப் பலரும் வாட்ஸ்அப்பில் "பாண்ட் செல்லும்" என்று ஒரே வரியில் சுற்றவிட்டார்கள். தீர்ப்பு அவ்வளவு தாராளம் இல்லை. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்பது நிபந்தனை. முதுநிலை மேலாளர் ஒருவர் வேறு வங்கிக்குப் போகும்போது கட்டிவிட்டு வழக்குப் போட்டார். இது வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை, எனவே பிரிவு 27 தடுக்காது என்றது உச்ச நீதிமன்றம். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும், அதற்குச் செலவாகும் என்பதையும், அவர் சம்பளத்துக்கு அந்தத் தொகை விலகவே முடியாத அளவு பெரிதல்ல என்பதையும் கணக்கில் எடுத்தது. நீங்கள் பொதுத்துறை வங்கி அல்ல. இருபதாயிரம் சம்பளக்காரரிடம் ஐந்து லட்சம் எழுதி வாங்கியிருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74இன்படி, தாளில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டும்தான். அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் நீதிமன்றம் தரும். பயிற்சிக்குப் பணம் கட்டிய ரசீது, பயிற்சியாளர் கட்டணம், விமானச் செலவு என்று ஏதாவது காட்டுங்கள். "மூத்தவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம்" என்பதைப் பயிற்சி என்று நீதிபதியை நம்பவைப்பது கடினம். பாண்ட் சரியான முத்திரைத்தாளில் இல்லாவிட்டால், முத்திரைக் கட்டணமும் அபராதமும் கட்டும்வரை அது சாட்சியமாகவே ஏறாது. எத்தனையோ பேர் இதிலேயே சறுக்குகிறார்கள்.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால் இன்றே கொடுத்துவிடுங்கள். அடகு வைக்கும் பொருள் அல்ல அது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக்காட்டப்போவது அதைத்தான். சம்பள பாக்கியும் அப்படியே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைக் கொடுத்துவிடச் சொல்கிறது. "பாண்ட் பணம் வரட்டும், அப்புறம் செட்டில்மென்ட்" என்ற பழைய பழக்கம் இனி உங்களையே பிரதிவாதியாக்கிவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், காட்டக்கூடிய செலவைக் கூட்டி, அவர் வேலை செய்த காலத்துக்கு உரியதைக் கழித்து, மீதிக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புவேன். முழுத் தொகை கேட்டு மிரட்டும் நோட்டீஸுக்குப் பெரும்பாலும் பதிலே வராது. கணக்கோடு போகும் நோட்டீஸுக்குப் பேச ஆள் வருவார். மீதித் தொகை நீதிமன்றக் கட்டணத்துக்கும் வக்கீல் செலவுக்கும் தாங்காது என்றால் விட்டுவிடலாம். தாங்கும் என்றால் மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு தாக்கலாக வேண்டும். வெறுமனே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்பதற்காக அந்தக் கெடு நீளாது.