மிதிவண்டிக்கு உரிய சிகரங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலை மிதிவண்டிப் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். காட்டுப்பாதைகளில் ஓட்டிப் பழகியிருக்கிறேன். இனி சிகரங்களுக்குச் செல்ல வேண்டும் என்று ஆசை. நண்பர்களுடன் சேர்ந்து பல நாடுகளின் சிகரங்களை உயர வரிசையில் தொகுத்தோம். பட்டியல் நீண்டதே தவிர, அவற்றுள் எதை மிதிவண்டிக்கு உரியது என்று கொள்வது எனத் தெரியவில்லை. எதை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுப்பது? பாதி வழி வண்டியைத் தோளில் சுமந்து ஏறினால் அதை மிதிவண்டிப் பயணம் என்று சொல்லலாமா? வண்டியைக் கணவாயில் விட்டுவிட்டு உச்சிக்கு நடந்து சென்றால் அது கணக்கில் வருமா?

ர.

அன்புள்ள ர.,

உயர வரிசையை முதலில் ஒதுக்கிவையுங்கள். மலையேறுபவருக்கு அது ஓரளவு பயன்படும். மிதிவண்டியில் செல்பவருக்கோ சிகரத்தின் உயரத்தைவிட அதிலிருந்து இறங்கும் பாதையின் தன்மையே முக்கியம். 4000 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறைக் கூம்பு உங்களுக்கு எதையும் தராமல் போகலாம். 900 மீட்டர் குன்று ஒரு நாள் முழுவதையும் நிறைத்துவிடலாம்.

நிலப்படத்தில் ஓர் உச்சியைக் கண்டதும் நான் முதலில் தேடுவது, அதுவரை பாதை போட்டவர்கள் யார், எதைக் கொண்டுசெல்வதற்காகப் போட்டார்கள் என்பதைத்தான். மனிதர் காலால் மட்டும் ஏறிப் பழகிய தடம் பெரும்பாலும் சரிவை நேராக வெட்டிக்கொண்டு மேலே போகும். அதில் மழைநீர் இறங்கி மண்ணை அரித்துக் கல்லை மட்டும் மிச்சம் வைத்திருக்கும். சுமையேற்றிய கோவேறு கழுதைக்காகவோ பீரங்கி இழுக்கும் வண்டிக்காகவோ வெட்டிய பாதை அப்படி இராது. விலங்கின் மூச்சுக்கும் சக்கரத்தின் பிடிப்புக்கும் ஏற்ற சாய்வை விட்டு விலகாமல், எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் தேவைப்பட்டாலும் அத்தனையையும் போட்டுக்கொண்டு அது ஏறும். மிதிவண்டி அந்த விலங்குகளின் வாரிசு என்றே சொல்லலாம்.

இதற்கு நல்ல உதாரணம், பிரான்ஸ்–இத்தாலி எல்லையருகே 3131 மீட்டர் உயரத்தில் நிற்கும் மோன் ஷாபெர்த்தோன். அதன் உச்சியில் எட்டுப் பீரங்கிக் கோபுரங்கள் கொண்ட ஒரு கோட்டையை இத்தாலியப் படை கட்டியது. அதற்காகப் பள்ளத்தாக்கிலிருந்து உச்சிவரை ஒரு சாலையையும் வெட்டியது. 1940 ஜூனில் பிரெஞ்சுப் பீரங்கிகள் அந்தக் கோட்டையைச் சிதைத்தன. 1947 அமைதி உடன்படிக்கைக்குப் பின் சிகரம் பிரான்சுக்குச் சொந்தமானது. சாலையைப் பராமரிப்பவர் இல்லாமல் போனதால் பல இடங்களில் அது சரிந்து உருள்கல்லாகக் கிடக்கிறது. ஆயினும் மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஓர் உச்சியை மிதிவண்டிக்காரர்கள் நாடி வருவதற்கு அந்தப் பழைய சாலையே காரணம். சாலை இல்லாமல் போயிருந்தால் அது அவர்களுக்கு வெறும் சரளைக் குவியல்தான்.

கலிபோர்னியாவின் ஒயிட் மவுண்டன் பீக் 4344 மீட்டர் உயரமானது. அங்கே பாதை போடக் காரணம் ஆராய்ச்சி நிலையம். பூட்டிய கதவு ஒன்று ஏறக்குறைய 3560 மீட்டர் உயரத்தில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுகிறது. அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் மண்சாலை உச்சிவரை செல்கிறது. கணக்குப் பார்த்தால் சராசரிச் சாய்வு மிகக் குறைவு. ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் என்பதால், கீழே சிரித்துக்கொண்டே மிதிக்கக்கூடிய சரிவில்கூடக் கடைசிப் பகுதியில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. முந்தைய இரவை உயரத்தில் தங்கிக் கழித்தவர் சற்றுக் குறைவாகத் தள்ளுவார், அவ்வளவுதான்.

குதிரைப் பாதைகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டப்படி குதிரைப் பாதை என்று பதிவான வழிகளில் மிதிவண்டி ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் வழங்கியது. நடைபாதை என்று மட்டும் பதிவானவற்றில் அந்த உரிமை இல்லை. இங்கிலாந்தின் 950 மீட்டர் ஹெல்வெல்லினும் 931 மீட்டர் ஸ்கிடாவும் உச்சிவரை குதிரைப் பாதை கொண்டவை. ஆகவே சாய்வு, அனுமதி இரண்டையும் அங்கே ஒரே கோடு தீர்மானித்துவிடுகிறது. வேல்சின் மிக உயர்ந்த சிகரமான ஸ்னோடனில் நடையர் கூட்டம் மிகுதி என்பதால், மே முதல் செப்டம்பர் முடிய காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிவரை உச்சிப் பாதைகளில் ஓட்டுவதில்லை என்று மிதிவண்டிக்காரர்கள் தாமாகவே ஓர் ஒப்பந்தத்தைப் பின்பற்றுகிறார்கள். விடியற்காலையில் உச்சியை அடைந்து மற்றவர்கள் ஏறத் தொடங்குமுன் இறங்கிவிடுவது எனக்கு அந்த ஒப்பந்தத்துக்கு முன்பே சரியாகத் தோன்றியது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதைப் பட்டியல் போடும்போதே பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டத்துக்கு உட்பட்ட பகுதிகளில் மிதிவண்டிக்கு இடமில்லை. கொலராடோவின் உயர்ந்த சிகரங்களில் பல இதனாலேயே உங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் பொறுப்போடு செல்பவருக்கு ஏறக்குறைய எல்லா மலையையும் திறந்துவிட்டிருக்கிறது. எனினும், ஈரமான கரிமண் மேட்டில் டயர் பதித்த தடம் நெடுங்காலம் ஆறாது; அனுமதி இருக்கிறது என்பதற்காக மழைக்கு மறுநாள் அங்கே ஏற நான் சொல்லமாட்டேன்.

அடுத்து நிலப்படம். 1:25,000 அளவுப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். 10 மீட்டர் உயர இடைவெளியில் வரைந்த சமவுயரக் கோடுகளைப் பாதை 4 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கடந்தால் சாய்வு 10 விழுக்காடு. அதை நெடுநேரம் மிதித்து ஏறலாம். 2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கடந்தால் 20 விழுக்காடு. மண்பாதையில் பெரும்பாலோர் இறங்கித் தள்ளும் இடம் அது. முழுப் பாதையின் சராசரியை நம்பாதீர்கள். 5 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறும் பாதையின் சராசரி 12 விழுக்காடு என்றாலும், முதல் மூன்று கிலோமீட்டர் சமவெளிபோலக் கிடந்து மீதி இரண்டில் மொத்த உயரமும் குவிந்திருந்தால், நீங்கள் ஏறப்போவது முப்பது விழுக்காட்டுச் சரிவு.

சாய்வைச் சொல்லும் படம் தரையைச் சொல்லாது. ஐரோப்பியப் பாதைகளுக்கு எளிதான எஸ்-0 முதல் மிகக் கடினமான எஸ்-5 வரை தரம் பிரிக்கும் ஒரு அளவுகோல் உண்டு. காட்டுப்பாதைகளில் பழகியவர் எஸ்-1, எஸ்-2 பாதைகளோடு தொடங்கலாம். பெரும்பாறைகளும் மிக இறுகிய வளைவுகளும் எஸ்-3இல் வந்துவிடுகின்றன. உச்சிக்கு அருகிலுள்ள பகுதிதான் பெரும்பாலும் பாதையின் மிகக் கடினமான பகுதி என்பதையும், அங்கே நீங்கள் களைப்போடு இருப்பீர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே முதல் சில சிகரங்களுக்கு ஏறிய வழியிலேயே இறங்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வளைவையும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே ஏறுவதால், இறங்கும்போது எந்தப் படி எங்கே காத்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்குவது அழகான பயணம், மறுக்கவில்லை, அது பிறகு.

இனி சுமப்பது பற்றி. நல்ல மலை மிதிவண்டி 14, 15 கிலோ இருக்கும். முதுகுப்பையின் மேல் வண்டியின் சட்டகத்தைக் கிடத்தி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம் ஏறுவது இயலாத காரியமல்ல. மின் உதவி வண்டியானால் எடை பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டிவிடும் என்பதால் சுமக்கும் பாதைகளை அதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுமந்த தூரத்தைக் கொண்டு ஒரு பயணத்தை மதிப்பிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. சுமந்து ஏறிய சரிவை ஓட்டி இறங்க முடியுமானால் அந்த உழைப்பு வீணில்லை. ஏற்றத்தில் சுமை, இறக்கத்திலும் சுமை என்றால் அந்தச் சிகரம் மிதிவண்டிக்கு உரியதல்ல என்று எளிதாகச் சொல்லிவிடலாம்.

கணவாயில் வண்டியை விட்டுச் செல்வதைக் குறித்துக் கேட்டிருந்தீர்கள். கணவாய்க்கு மேல் பாறைமுகடு மட்டுமே எஞ்சியிருக்குமானால் நடந்து போய்ப் பாருங்கள். கணக்கு வைப்பவர் யாருமில்லை. அத்தகைய உச்சிக்கு வண்டியையும் தூக்கிச் செல்பவர்களுக்கு ஒரு புகைப்படத்தைத் தவிர வேறெதுவும் கிடைத்ததாக நான் அறியவில்லை. விட்டுச் செல்லும்போது பாறையில் சாய்த்து நிறுத்தாதீர்கள், கணவாய்க் காற்று தள்ளிவிடும். சங்கிலி இருக்கும் பக்கம் மேலே வரும்படி தரையில் படுக்கவைத்துவிட்டுச் செல்லுங்கள்.