48 சதவீத அறிக்கையை நம்பி மாங்கனீசு நிலத்தில் பணம் போடலாமா?

மஸ்கட்டில் பணிபுரியும் வாசகர் ஒருவர், ஓமனின் சூர் பகுதியில் உள்ள மாங்கனீசு நிலத்தில் பங்கு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். ‘இது ஓபியோலைட் பாறை, கடலடி எரிமலையின் வேர் கீழே இருப்பதால் தோண்டத் தோண்டத் தடிமன் கூடும்’ என்று சொல்லி, 48 சதவீத மாங்கனீசு காட்டும் ஆய்வக அறிக்கை ஒன்றையும் தரகர் கொடுத்திருக்கிறாராம்.

முதலில் அந்த ‘வேர்’ கதையை விட்டுவிடுங்கள். ஓபியோலைட் என்பது பழங்காலக் கடல்தரை நிலத்தின்மேல் ஏற்றித் தள்ளப்பட்டது. ஓமனின் செமாயில் ஓபியோலைட் அத்தகையது. சூர் வட்டாரத்து மாங்கனீசோ பெரும்பாலும் அதற்குள் இல்லை. அதன் அடியில் நசுங்கிக் கிடக்கும் வஹ்ரா பாறைத்தொகுதியின் செர்ட் எனும் கடினமான சிலிக்காப் பாறைப் படிவுகளில் இருக்கிறது. கடல்தரையில் படிந்த அடுக்கு அது. மடிப்புகளாலும் பிளவுகளாலும் துண்டுபட்டு, சில மீட்டர் தள்ளி மெலிந்து மறைந்துவிடக்கூடியது. ஓபியோலைட் லாவாவின் மேலேயே படிந்த பழுப்பு நிற ‘அம்பர்’ மண்ணிலும் மாங்கனீசு உண்டு, ஆனால் அதில் இரும்பே மேலோங்கும்.

அறிக்கைக்கு வருகிறேன். விரலில் கரி போல் ஒட்டும் பைரோலுசைட் எனும் மாங்கனீசுக் கனிமம் தூய நிலையில் 63 சதவீத மாங்கனீசு கொண்டது. வெயிலும் மழையும் பட்ட மேல்தோலில் அது செறிந்திருப்பதால், அந்தத் தோலிலிருந்து பொறுக்கிய கல் எந்த ஆய்வகத்திலும் அழகான எண்ணையே தரும். சில அடி கீழே, ஒட்டாத, எஃகு நிறக் கடினமான பிரானைட் எனும் இன்னொரு மாங்கனீசுக் கனிமமும், அதோடு பின்னிய குவார்ட்ஸ் எனும் சிலிக்காக் கனிமமும் வரும்போது தரம் விழுகிறது. ‘கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்’ என்ற வரியை அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் ஆய்வகங்களின் வழக்கம், தரகர்களுக்குத்தான் உதவுகிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலிக்கா மிகுந்திருப்பதாலேயே தாது குப்பை ஆகிவிடாது. எஃகில் சேர்க்கும் மாங்கனீசு, சிலிக்கான் உலோகக் கலவையான சிலிக்கோ மாங்கனீசைத் தயாரிக்கும் உலைக்கு எப்படியும் சிலிக்கா தேவை. ஆகவே இரும்பும் பாஸ்பரசும் குறைந்த 35 சதவீதத் தாதுவைக்கூட அந்த உலைக்காரர் விலை பேசி வாங்கலாம். ஆனால் மாங்கனீசு, இரும்புக் கலவையான ஃபெரோ மாங்கனீசுக்கு, மாங்கனீசு இரும்பைப் போல ஏழரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. பாஸ்பரசு கூடினால் இரு தரப்பினருமே முகம் சுளிப்பார்கள். மாங்கனீசு சதவீதத்தை மட்டும் காட்டி மற்ற மூன்றையும் மறைக்கும் அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிப்பதில்லை.

விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. சந்தையில் சொல்லப்படும் டாலர் விலை ஒரு டன்னுக்கு அல்ல, உலர்ந்த டன்னில் உள்ள ஒவ்வொரு சதவீத மாங்கனீசுக்கும் உரியது. ஈரத்தோடு எடைபோட்டுக் கணக்குக் காட்டினால் உங்கள் லாபத்தில் ஒரு பகுதி வெறும் தண்ணீர்.

எனவே, அடுக்கின் முழு அகலத்துக்கும் குறுக்கே, நெடுக இடைவெளி விட்டுப் பல இடங்களில், உங்கள் ஆள் முன்னிலையில் வெட்டிய மாதிரிகளை நீங்களே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மாங்கனீசு, இரும்பு, சிலிக்கா, பாஸ்பரசு நான்கையும் கேளுங்கள். தரகர் நீட்டும் உரிமம் ஆய்வுக்கு மட்டுமா, தோண்டி விற்கவுமா என்பதை அரபு மூலத்தில் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.