பழைய செப்புக் காசுகளைப் புளி போட்டு மினுக்கலாமா?

திருகோணமலையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மம்மாவின் பெட்டியில் கறுத்த செப்புக் காசுகள் கிடைத்தன, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று. தயவுசெய்து தேய்க்காதீர்கள். அந்தக் கருமை செம்பு காலப்போக்கில் தானே போர்த்திக்கொண்ட படலம். புளியின் அமிலம் அதோடு எழுத்தின் கூர்மையையும் அரித்துவிடும்; சேகரிப்பவர்கள் மினுக்கிய காசுக்குப் பாதி விலைகூடத் தர யோசிப்பார்கள்.

முதலில் என்ன காசு என்று பாருங்கள். வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பின்னிய முத்திரை இருந்தால் அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு. பெரும்பாலும் கீழேயே ஆண்டும் இருக்கும். 1795 வரை திருகோணமலைக் கோட்டை அவர்கள் கையில்தான் இருந்தது. நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் தெரிந்தால் இன்னும் பழையது, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி அரசர்கள் வெளியிட்டது. அப்படி ஒன்று கிடைத்தால் உண்மையிலேயே பொக்கிஷம்!

நம் ஊரில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. வெளிர்பச்சைத் தூள் பூத்த காசை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளடைவில் காசில் பிசுபிசுக்கும். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் போதும்.