கடமையில் இருந்த காவல்துறை உடைத்த கதவுக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: தேடப்படும் ஒருவரைப் பிடிக்க இரவில் வந்த காவல்துறையினர், பக்கத்து வீடு என்று நினைத்து எங்கள் வீட்டு முன்கதவை உடைத்து நுழைந்தனர். பீரோ பூட்டையும் உடைத்தனர். திரும்பிச் செல்லும்போது அவர்களுடைய ஜீப் பின்னால் வந்து சுற்றுச்சுவரை இடித்துவிட்டது. அன்று எடுத்துச் சென்ற மடிக்கணினியைச் சில வாரங்கள் கழித்துத் திரை நொறுங்கிய நிலையில் தந்தார்கள். இழப்பீடு கேட்டால், "டியூட்டியில் நடந்ததற்கு அரசு மீது கேஸ் போட முடியாது" என்கிறார்கள். இது சரியா?

பதில்: இப்படி ஒரே வரியில் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. வழக்கில் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப அரசுக்கு ஒரு விலக்குரிமை இருந்தது உண்மை. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஏற்பட்ட சேதங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. சுவர், மடிக்கணினி, கதவு ஆகியவற்றைச் சட்டம் தனித்தனியாகவே பார்க்கும். அவற்றுள் கதவுதான் கடினமானது.

அரசு மீது வழக்குத் தொடரலாம் என்பதை அரசியல் சாசனத்தின் 300வது பிரிவே சொல்கிறது. ஆனால் எந்த அளவுக்கு என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பதில் சொல்லாமல், பழைய மாகாணங்களுக்கு இருந்த பொறுப்பு எதுவோ அதுவே என்று பின்னோக்கிக் கைகாட்டுகிறது. அப்படிப் பின்னோக்கிப் போனால் 1861இல் கல்கத்தாவில் முடிவான ஒரு வழக்கில் போய் நிற்போம். அரசுக் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் சாலையில் சுமந்து சென்ற கனமான இரும்பைக் கீழே போட்டுவிட, அந்தச் சத்தத்தில் மிரண்ட வண்டிக் குதிரை காயமடைந்தது. 350 ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கு வந்தது. கப்பல் பழுது பார்ப்பது தனியாரும் செய்யக்கூடிய வேலை, ஆகவே அரசு பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்துடன், இறையாண்மை அதிகாரத்தை, அதாவது ஆளும் அரசு என்ற முறையில் மட்டுமே உள்ள அதிகாரத்தை, கொண்டு மட்டுமே செய்யக்கூடிய வேலைகளுக்கு இது பொருந்தாது என்றும் ஒரு கோடு கிழித்தது. காவல் நிலையத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்ட பதிலின் வேர் அந்தக் கோட்டில் இருக்கிறது.

அந்தக் கோடு மிகக் கடுமையாக விழுந்தது 1965இல், கஸ்தூரிலால் வழக்கில். 1947இல் மீரட் நகருக்குத் தங்கமும் வெள்ளியும் விற்க வந்த வணிகர் ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்த காவல்துறை, அவரிடமிருந்தவற்றைக் கைப்பற்றி வைப்பறையில் வைத்தது. வெள்ளி திரும்பி வந்தது. தங்கத்தை அதற்குப் பொறுப்பாயிருந்த தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். காவல்துறை கவனக்குறைவாக இருந்தது என்பதை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்வதும் கைப்பற்றுவதும் இறையாண்மைச் செயல்கள் என்பதால் அரசு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இந்த நிலையை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும் என்றும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. பிரிட்டன் 1947இலேயே இதற்கெனச் சட்டம் கொண்டுவந்திருந்தது, அமெரிக்கா 1946இல். இந்தியாவில் 1960களில் மசோதா கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகவில்லை. நாடாளுமன்றம் விட்டுவைத்த இந்த வெற்றிடத்தை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு நிரப்பி வந்ததுதான் இந்தத் துறையில் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்பது என் கருத்து.

பிற்காலத் தீர்ப்புகள் கஸ்தூரிலால் வழக்கின் பிடியைப் பெரிதும் தளர்த்திவிட்டன. 1994இல் நாகேந்திர ராவ் வழக்கில், அதிகாரிகள் பறிமுதல் செய்து வைத்திருந்த உரமும் தானியங்களும் கெட்டுப்போனதற்கு ஆந்திர அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. போர், வெளியுறவு போன்ற, அரசு மட்டுமே செய்யக்கூடிய செயல்களுக்குள் விலக்குரிமையைச் சுருக்கியது. 1999இல் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒன்று, கஸ்தூரிலால் தீர்ப்புக்கு இனிப் பிணைக்கும் வலு இல்லை என்றே சொன்னது. ஆனாலும் ஐந்து நீதிபதிகளைவிடப் பெரிய அமர்வு எதுவும் கஸ்தூரிலால் தீர்ப்பை முறைப்படி ரத்து செய்யாததால், அரசு வழக்கறிஞர்கள் இன்றும் அதை எடுத்து வைப்பார்கள். உங்கள் வழக்கறிஞர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

சுவரிலிருந்து தொடங்குவோம். ஓட்டுநரின் கவனக்குறைவால் அரசு வாகனம் சேதம் விளைவித்தால் அரசு பொறுப்பு என்பது, உதய்ப்பூர் ஆட்சியரின் ஜீப் மோதிப் பாதசாரி இறந்த வித்யாவதி வழக்கில் 1962இலேயே நிலைநாட்டப்பட்டது. பின்னால் பார்க்காமல் வண்டியை எடுப்பதில் இறையாண்மை எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மூன்றாம் தரப்பினரின் சொத்துச் சேதத்துக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். அரசு வாகனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு என்பதைக் காட்டி யாராவது உங்களைக் குழப்பினால், காப்பீடு இல்லாவிட்டாலும் பொறுப்பு அரசையே சேரும் என்று சொல்லுங்கள். 2022 ஏப்ரல் முதல் இந்த மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதக் கெடு இருக்கிறது. அதற்குள் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு.

மடிக்கணினியிலும் உங்கள் நிலை வலுவானதுதான். கைப்பற்றிய பொருளைத் திருப்பித் தர வேண்டிய கடமை இருக்கும்வரை, அதை ஓர் அடைக்கலப் பொருளைப் போலக் காக்க வேண்டும் என்று 1967இல் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் பறிமுதலான வாகனங்கள் திறந்தவெளியில் கிடந்து பாழாகியிருந்தன. 1977இல் மைசூர் அரசு தொடர்பான வழக்கில், காவல் நிலையத்தில் காணாமல் போன நகைகளுக்கு ஈடாகப் பணம் தரச் சொன்னது. இங்கே எல்லாம் கைப்பற்றல் மகஜரை, அதாவது பொருளை எடுத்தபோது எழுதிய பட்டியலை, பொறுத்தது. அதில் மடிக்கணினி எந்த நிலையில் இருந்ததாக எழுதியிருக்கிறது, திரும்பப் பெறும்போது நீங்கள் கையெழுத்திட்ட ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டிருந்தால், உடனே உண்மை நிலையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பழுது பார்க்கும் கடையில் எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்காமல் திரையை மாற்றாதீர்கள்.

கதவுக்கு வருவோம். தேடப்படுபவர் ஒரு வீட்டில் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்து, தாங்கள் யார், எதற்காக வந்தோம் என்று அறிவித்து, கதவைத் திறக்கச் சொல்லியும் வேறு வழியில் நுழைய முடியாதபோது உடைக்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 44வது பிரிவு அனுமதிக்கிறது. அந்த வரம்புக்குள் நின்று உடைத்த கதவுக்கு இழப்பீடு பெறுவது மிகக் கடினம். நல்லெண்ணத்தில் செய்த செயலுக்கான பாதுகாப்பும் அதிகாரிகளுக்கு உண்டு. ஆகவே உங்கள் வழக்கு, அந்த வரம்பு மீறப்பட்டதா என்பதில் நிற்கும். கதவைத் தட்டினார்களா, திறக்க அவகாசம் தந்தார்களா, முகவரியைச் சரிபார்க்க எளிய வழி இருந்தும் பார்க்கவில்லையா? கதவு எண் பளிச்சென்று எழுதப்பட்டிருந்த வீட்டுக்கும், எண்ணே இல்லாத இரட்டை வீட்டுக்கும் நீதிமன்றம் வேறு வேறு விடை தரலாம். பூட்டு விஷயம் இதைவிட உங்களுக்குச் சாதகம்: ஆளைத் தேடி வந்தவர்கள் ஆள் நுழைய முடியாத பீரோவை ஏன் உடைத்தார்கள் என்பதற்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இதற்கு உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது அதே சட்டத்தின் 105வது பிரிவு. 2024 ஜூலை முதல், சோதனையும் கைப்பற்றலும் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்பட்டு, அப்பதிவு தாமதமின்றி நடுவருக்கு (மாஜிஸ்ட்ரேட்டுக்கு) அனுப்பப்பட வேண்டும். அதன் நகலைக் கேட்டு மனு செய்யுங்கள். பதிவே இல்லையென்றால், அதுவும் உங்கள் வாதத்துக்கு உதவும்.

வழக்குத் தொடரும் முன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80வது பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில அரசுக்கான அறிவிப்பை அரசுச் செயலாளருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ அனுப்பலாம்; காவல் நிலையத்தின் பெயரில் வழக்குப் போடாதீர்கள், பிரதிவாதி மாநில அரசுதான். சட்டம் ஒன்றின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கான இழப்பீட்டு வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் ஓராண்டுதான் தருகிறது. பலர் மூன்று ஆண்டு இருப்பதாக எண்ணித் தவறவிடுகிறார்கள். அறிவிப்புக் காலம் கணக்கிலிருந்து கழியும். சில காவல்துறைச் சட்டங்கள், எடுத்துக்காட்டாக 1861ஆம் ஆண்டு காவல் சட்டம், மூன்று மாதக் கெடு விதிப்பதால், அதற்குள்ளேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்க முன்னனுமதி வேண்டும் என்றும் உங்களிடம் சொல்லக்கூடும். அது குற்ற வழக்குக்கான நிபந்தனை. இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்குக்கு அந்த அனுமதி தேவையில்லை.

தவறான வீட்டுக்குள் நுழைந்ததைத் துறையே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் இன்னொரு வழி திறக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டதற்காக, உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகப் போடும் ரிட் மனுவில் வழங்கும் இழப்பீட்டுக்கு இறையாண்மை விலக்குரிமை தடையாகாது என்று 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீட்டின் அந்தரங்கமும் அடிப்படை உரிமைக்குள் வருவதே. ஆனால் யார் சொல்வது உண்மை என்று சாட்சிகளை விசாரிக்க வேண்டிய நிலை வந்தால், உயர் நீதிமன்றம் உங்களை உரிமையியல் நீதிமன்றத்துக்கே அனுப்பிவிடும். எனவே முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அன்றைய ஜீப்பின் பயணப் பதிவேட்டையும் காவல் நிலையத்தின் அன்றாட நிகழ்வுகள் எழுதப்படும் பொது நாட்குறிப்பின் உரிய பக்கங்களையும் கேளுங்கள். புலன் விசாரணையைக் காரணம் காட்டிச் சிலவற்றை மறுக்கலாம். பயணப் பதிவேட்டை மறுப்பது அவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.