சுல்யோவிச்சின் 1 லட்சம் பவுண்டு எங்கே போனது?

நண்பரே, டார்ட்ஸ் (பலகையில் சிற்றம்பு எறியும் விளையாட்டு) வீரர் சுல்யோவிச்சின் பரிசுப் பணத்தை நீங்கள் கூட்டினால், பிடிசி (தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு) தரவரிசைத் தொகையைவிட 1 லட்சம் பவுண்டு அதிகம் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. அந்தப் பணம் வந்த சேம்பியன்ஸ் லீக் ஆஃப் டார்ட்ஸ், அழைக்கப்பட்டவர்கள் மட்டும் ஆடிய போட்டி. பிடிசி தரவரிசை இரண்டு ஆண்டுப் பரிசுப் பணத்தை வைத்துப் போடப்படுவது. ஆனால் இந்தப் போட்டியின் பணம் அதில் சேராது. 2017ல் மென்சூர் சுல்யோவிச் வென்ற 1 லட்சம் பவுண்டை உங்கள் அட்டவணையில் தனிப் பத்தியில் போடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

போட்டி நடந்ததே நான்கு முறைதான், 2016 முதல் 2019 வரை. 8 பேர், இரண்டு பிரிவு, பிபிசியில் நேரலை. முதல் ஆண்டு கார்டிஃபில் ஃபில் டெய்லர் 11-5 என வான் கெர்வெனை வீழ்த்தினார். 2018ல் கேரி ஆண்டர்சன் வென்றார்.

2017 இறுதியை மட்டும் தவறாமல் பாருங்கள். ஆஸ்திரியக்காரர் சுல்யோவிச், ஆண்டர்சனை 11-9 என வென்றது அவருடைய முதல் பெரிய தொலைக்காட்சிப் பட்டம். தரவரிசையில் ஒரு பைசா ஏறாவிட்டாலும், நான்கில் எனக்கு மிகப் பிடித்த வெற்றி அதுதான். 2019 லெஸ்டர் இறுதியும் கடைசி லெக் (ஒரு தனி ஆட்டம்) வரை போனது: வான் கெர்வென் 11, பீட்டர் ரைட் 10. அதன்பின் போட்டி நடக்கவில்லை.

டெய்லரின் 2016 வரவையும் இதேபோல் பிரித்துவிடுங்கள்.