கவுட்டும் மாரடைப்பும் ஒரே வீட்டில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: குடும்பத்தில் கவுட் (ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, அதன் உப்பான யூரேட் படிகமாக மூட்டில் படிந்து வரும் வலியும் வீக்கமும்) இருக்கிறது, மாரடைப்பும் இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு உண்டா? தனித்தனியாகப் பதில் எழுத முடியாததால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு நாற்பது வயதில் கவுட், 52 வயதில் மாரடைப்பு. எனக்கு 36. இரண்டும் ஒரே மரபணுவால் வருவதா? மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா?

ஒரே மரபணு இல்லை. 2024ல் வெளியான பெரிய ஆய்வில் 26 லட்சம் பேரின் மரபணுத் தகவலைப் பார்த்தார்கள். அதில் சுமார் 1.2 லட்சம் பேர் கவுட் உள்ளவர்கள். மரபணுத் தொகுப்பில் கவுட்டோடு தொடர்புள்ள இடங்கள் மட்டும் 370க்கு மேல் கிடைத்தன.

இவற்றை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள். முதல் கூட்டம், சிறுநீரகமும் குடலும் யூரிக் ஆசிடை வெளியேற்றும் வழியைக் கையாளுகிறது. எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2 என்ற மரபணுக்கள் இரண்டும் இதில் முக்கியமானவை. கவுட்டில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான், ஆனால் இதய ரத்தக்குழாயோடு இவற்றுக்குப் பெரிய உறவு இல்லை. இரண்டாவது கூட்டம் கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் சார்ந்தது. ஜிசிகேஆர் மரபணு நல்ல உதாரணம்: அதன் ஒரு வடிவம் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றும், யூரிக் ஆசிடையும் ஏற்றும். மூன்றாவது, அழற்சி. யூரேட் படிகத்தைக் கண்டதும் வெள்ளை அணுக்களுக்குள் என்எல்ஆர்பி3 என்ற புரதக் கூட்டமைப்பு விழித்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியே அனுப்புகிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்ட்ரால் படிகமும் அதே என்எல்ஆர்பி3யைத்தான் எழுப்புகிறது. மூட்டும் தமனியும் உண்மையில் சந்திக்கும் இடம் இது.

மரபணுச் சோதனை வேண்டாம். 55 வயதுக்குள் அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததே உங்களுக்குப் போதுமான மரபணுச் செய்தி. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) நான்கையும் இந்த மாதமே பாருங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தக் கொழுப்புச் சோதனையை ஆயுளில் ஒருமுறை செய்தால் போதும். அந்த அளவு பெரும்பாலும் பிறப்பிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

எனக்கு யூரிக் ஆசிட் 9. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

வயது இல்லை, ஆணா பெண்ணா என்று இல்லை, மூட்டு வலி உண்டா என்று இல்லை, கிரியேட்டினின் இல்லை, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்றும் இல்லை. ஒற்றை எண்ணுக்கு யாரும் மருந்து எழுத முடியாது, எழுதவும் கூடாது. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள். அதைவிட, ஊரில் ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள்.

மாஸ்டர் செக்-அப்பில் யூரிக் ஆசிட் 7.8. இதுவரை ஒரு மூட்டும் வலித்ததில்லை. "இதயத்துக்கு நல்லது" என்று யூரிக் ஆசிடைக் குறைக்கும் ஃபெபுக்சோஸ்டாட் 40 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமாம். அவசியமா?

நீங்கள் சொன்ன அளவில், அவசியமில்லை. இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஏனென்றால் வலியே இல்லாத மனிதர்கள் வெறும் எண்ணுக்காக வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

யூரிக் ஆசிட் கூடியவர்களுக்கு மாரடைப்பும் அதிகம் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கே பருமனும் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் அதிகம். குற்றவாளி யார் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. அதற்குத்தான் மரபணு உதவுகிறது. யூரிக் ஆசிடைச் சற்று ஏற்றி வைக்கும் மரபணு வடிவங்களோடு சிலர் பிறக்கிறார்கள். யாருக்கு எது வாய்க்கும் என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. சாப்பாட்டாலோ உடல் எடையாலோ அது மாறாது. யூரிக் ஆசிடே தமனியைக் கெடுக்கிறது என்றால், இவர்களுக்கு மாரடைப்பும் கூடியிருக்க வேண்டும். 2016ல் வந்த ஆய்வுகள் அதைத் தேடின. கவுட் தெளிவாகக் கூடியிருந்தது. இதய ரத்தக்குழாய் நோய் அப்படிக் கூடவில்லை.

மருந்தை வைத்தும் சோதித்தார்கள். பிரிட்டனில் நடந்த ஆல்-ஹார்ட் ஆய்வில், கவுட் இல்லாத, ஆனால் இதய நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6,000 பேரில் பாதிப் பேருக்கு, யூரிக் ஆசிடைக் குறைக்கும் இன்னொரு மருந்தான அலோப்யூரினால் 600 மில்லிகிராம் வரை கொடுத்தார்கள். 2022ல் முடிவு வந்தது: மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் எதுவும் குறையவில்லை.

இன்னொன்று. கவுட்டும் இதய நோயும் சேர்ந்திருந்த சுமார் 6,000 பேரிடம் நடந்த கேர்ஸ் ஆய்வில் (2018), அலோப்யூரினால் எடுத்தவர்களைவிட ஃபெபுக்சோஸ்டாட் எடுத்தவர்களிடம் இதய மரணம் கூடுதல். 2020ல் வந்த ஐரோப்பிய ஆய்வு அப்படி ஆபத்து இல்லை என்றது உண்மைதான். ஆனாலும் வலியே இல்லாத ஒருவருக்கு, அதுவும் "இதயத்துக்கு" என்று, இதை எழுதிக் கொடுப்பதில் என்ன நியாயம்?

எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். கவுட் அடிக்கடி தாக்கினாலோ, தோலடியில் யூரேட் கட்டி இருந்தாலோ, எக்ஸ்ரேயில் கவுட்டால் மூட்டு அரிக்கப்பட்டது தெரிந்தாலோ, சிறுநீரகத்தில் யூரிக் ஆசிட் கல் இருந்தாலோ மாத்திரை கட்டாயம் வேண்டும். அப்போது இலக்கு 6க்குக் கீழே. உங்களுக்கு இதில் எதுவுமே இல்லை. எழுதிய மருத்துவரிடமே போய், "எதற்காக?" என்று கேளுங்கள். உங்கள் எடையையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்தால் இதயத்துக்கு அதுதான் நிஜமான உதவி.

பருப்பு, தக்காளி, கீரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. சுமார் 47,000 ஆண்களை 12 வருடம் தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் இறைச்சியும் கடல் உணவும்தான் கவுட்டைக் கூட்டின. பருப்பும் கீரையும் கூட்டவில்லை. ஈரல், நெத்திலி, மத்தி, பீர், இனிப்புக் குளிர்பானம் இவற்றைக் குறையுங்கள். அதற்கு மேல் உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்: ஆளுக்கு ஆள் யூரிக் ஆசிட் அளவு வேறுபடுவதில் மொத்த உணவுப் பழக்கத்தின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு, மரபணுவின் பங்கு சுமார் கால்வாசி என்று 2018ல் கணக்கிட்டார்கள்.

போன வாரம் கட்டைவிரல் வீங்கிப் படுத்துவிட்டேன். ஸ்டென்ட் வைத்தவன் நான். யூரிக் ஆசிட் மாத்திரையான அலோப்யூரினாலை நிறுத்திவிட்டு, வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொள்கிறேன்.

இரண்டுமே தவறு. வலி வந்ததும் அலோப்யூரினாலை நிறுத்தாதீர்கள். யூரிக் ஆசிட் ஏறி இறங்கினால் தாக்குதல் நீளும். ஸ்டென்ட் வைத்தவர் டைக்ளோஃபெனாக்கைத் தானாகக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. இதயத்துக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

இன்னும் முக்கியமானது: பிரிட்டனில் கவுட் உள்ள 60,000க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்ததில், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் கவுட் தாக்கியிருக்கும் வாய்ப்பு, அவை வராதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. எனவே அடுத்த இரண்டு மாதம் ஸ்டாட்டினையும் (கொலஸ்ட்ரால் மாத்திரை) ஆஸ்பிரினையும் ஒரு வேளைகூட விடாதீர்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கவுட் வலிக்குத் தரும் கால்ச்சிசின் மாத்திரை இதயத்துக்கும் நல்லதாமே? தினமும் எடுக்கலாமா?

நீங்களாக எடுக்காதீர்கள். 2020ல் ஓர் ஆய்வில் 0.5 மில்லிகிராம் கால்ச்சிசின் நாள்பட்ட இதய நோயாளிகளிடம் இதய நிகழ்வுகளைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. 2023ல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. 2024ல் மாரடைப்பு வந்த சுமார் 7,000 பேரிடம் நடந்த ஆய்விலோ பலன் தெரியவில்லை. யாருக்குத் தருவது என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். கணவர் சீன வம்சாவளி. அலோப்யூரினாலுக்கு முன் ஒரு மரபணுச் சோதனை கேட்கிறார்கள்.

செய்யுங்கள். எச்எல்ஏ-பி 58:01 என்ற வடிவம் இருப்பவர்களுக்கு அலோப்யூரினால் தோலை உரித்துவிடும் அளவுக்குக் கொடிய ஒவ்வாமை தரலாம். சீன, தாய்லாந்து வம்சாவளியில் அது அதிகம். சோதனை எப்படி வந்தாலும், மாத்திரை எடுக்கும்போது தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். வலி வந்தால் நிறுத்தாதீர்கள், தடிப்பு வந்தால் நிறுத்துங்கள்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் 75, பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு. இரண்டும் யூரிக் ஆசிடை ஏற்றும் என்று படித்தேன். நிறுத்தட்டுமா?

ஆஸ்பிரினை நிறுத்தாதீர்கள், அது ஏற்றுவது கொஞ்சம்தான், காப்பது அதிகம். தையசைடை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லோசார்டன் பிரஷரையும் குறைக்கும், யூரிக் ஆசிடையும் சற்று இறக்கும்.