மோட்டிவேஷன் வரட்டும்னு காத்திருந்தா…

கேள்வி: ஆபீஸ்ல பிரஷர், வீட்டுல அப்பாவுக்கு உடம்பு முடியல, அக்கா வேற ஊர்ல இருக்கா, அவளைத் தொந்தரவு பண்ண மனசில்ல. ஆசையா சேர்ந்த ஆன்லைன் கோர்ஸ் பாதியில நிக்குது. ராத்திரி மோட்டிவேஷன் வீடியோ பாத்தா நாளைலேந்து எல்லாத்தையும் புரட்டிடலாம்னு தோணுது, காலைல புஸ்ஸுனு போயிடுது. இந்த மோட்டிவேஷனை எப்படி சார் தக்க வெச்சுக்கறது?

பதில்: தக்க வெச்சுக்க முடியாது, அந்த ஆசைய விட்டுடுங்க. அது பசி மாதிரி, வரும், போகும். ராத்திரி வீடியோ பாக்கும்போது ஏறுதே ஒரு சூடு, அது வேலைய முடிச்ச திருப்தியோட டூப்ளிகேட், ஒண்ணுமே செய்யாம செஞ்ச மாதிரி ஒரு சந்தோஷம். அந்த நேரமும் உங்க தூக்கத்துலேந்துதான் போகுது, மறுநாள் அசதியா எழுந்து, மோட்டிவேஷன் இல்லன்னு எனக்குக் கேள்வி எழுதுறீங்க!

உங்க கேள்வியையே இன்னொரு தடவ படிச்சுப் பாருங்களேன். ரெண்டு பேர் பாக்க வேண்டிய வேலைய ஒரு ஆளு இழுத்துக்கிட்டு, அதுக்கு மேல ஒரு கோர்ஸையும் தலையில வெச்சுக்கிட்டு, களைப்பா இருக்குங்கறதுக்கு மோட்டிவேஷன் இல்லன்னு பேர் வெச்சிருக்கீங்க.

1967-ல மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர்னு ரெண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் நாய்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, படிக்கவே மனசு கஷ்டப்படும். எப்படியும் நிறுத்த முடியாத கரண்ட் ஷாக்கை வாங்கின நாய்கள்ல பெரும்பாலானது, அப்புறம் தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்காம அப்படியே கிடந்துச்சு. ‘நம்மால ஒண்ணும் ஆகாது’ன்னு கத்துக்கிச்சுன்னு விளக்கம் சொன்னாங்க, உலகமே அதத்தான் பாடமா படிச்சுது. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு, 2016-ல, அதே ரெண்டு பேரும் நடுவுல வந்த மூளை ஆராய்ச்சியெல்லாம் பாத்துட்டு, நாங்க சொன்னது தலைகீழ்னு ஒத்துக்கிட்டாங்க. கஷ்டம் நீண்டுக்கிட்டே போனா துவண்டு போறதுதான் இயல்பாவே நடக்கறது, அத யாரும் கத்துக்க வேண்டியதில்ல, ‘என் கையில ஏதோ இருக்கு’ங்கறதத்தான் கத்துக்கணுமாம். (தப்ப ஒத்துக்க அம்பது வருஷம் ஆனாலும் ஒத்துக்கிட்டாங்களே, அதுக்கே ஒரு சபாஷ்.)

அத எப்படிக் கத்துக்கறது? வீடியோ பாத்து வராது, உங்க கையால ஏதாவது ஒண்ணு நகர்ந்தாதான் வரும். நகர்த்தறதும் ரொம்ப மோசமான நாள்ல கூட முடியற அளவுக்கு சின்னதா இருக்கணும். கோர்ஸ்ல ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், எந்த வேலை முடிஞ்ச கையோட, எந்த நாற்காலில உக்காந்துன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல மனசக் கேக்காதீங்க, கேட்டா வேணாம்னுதான் சொல்லும். அதுவும் முடியலையா, கோர்ஸை ஆறு மாசம் தள்ளிப் போட்டேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு நிம்மதியா இருங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. அலை ஓஞ்சப்புறம்தான் குளிப்பேன்னு கரையிலயே நின்னுக்கிட்டு, ஐயோ இன்னும் குளிக்கலையேன்னு தினமும் அழறதுதான் ஆளைக் கொல்லுது.

21 நாள் பண்ணினா பழக்கமாயிடும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. லண்டன்ல 96 பேரை வெச்சுப் பாத்த ஒரு ஆராய்ச்சியில பழக்கம் படிய சுமாரா 66 நாள்னு கணக்கு வந்துது, ஆளுக்கு ஆள் அது 18-லேந்து 254 நாள் வரைக்கும் போச்சு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனதால பெருசா ஒண்ணும் கெடல. அதனால ஒரு நாள் தவறினதும் எல்லாம் போச்சுன்னு ஒப்பாரி வைக்காதீங்க.

இப்ப அக்கா விஷயம். அவங்களுக்கும் அவர் அப்பாதானே? தொந்தரவு பண்ண மனசில்லன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, கேட்டுப் பாத்தீங்களா? வேற ஊர்ல இருந்தா டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட முடியாதா, மாசத்துல நாலு நாள் வந்து இருக்க முடியாதா? கேக்காம இருக்கறத நீங்க தியாகம்னு நெனைக்கிறீங்க, எனக்கென்னவோ அது கௌரவம்னு படுது.

இன்னொண்ணு, எதுலயுமே சந்தோஷம் இல்ல, தூக்கம் பசி எல்லாம் கெட்டுப்போச்சு, ரெண்டு வாரமா இப்படியேதான்னா பத்திரிகைக்கு எழுதாதீங்க, டாக்டரைப் பாருங்க. உயிரோட இருந்து என்னன்னு தோணினா ரெண்டு வாரம்லாம் எண்ணாதீங்க, இன்னிக்கே போங்க.

இல்லன்னா, இன்னிக்கு ராத்திரி வீடியோ பாக்கற நேரத்துல அக்காவுக்கு ஃபோன் போடுங்க. எனக்கு நன்றின்னு லெட்டர்லாம் எழுத வேணாம், அந்த நேரம் மிச்சமானா தூங்குங்க.